ஆறு செம்பு வாஷர்கள்

ஒரு நேர்மையான வேலைக்காரனின் வேலையையும் பெயரையும் பறித்தவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே செய்தேன். நிதானமாக, கை நடுங்காமல், ஒரு நகப்பூச்சுத் தூரிகையைக் கொண்டு செய்தேன்!

சிரிப்பு வருகிறதா? வரட்டும். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள், பார்க்கலாம்.

என் பெயர் வெள்ளியங்கிரி. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வந்தால், இளநீர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரில் என் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. எனக்கு எதற்குப் போர்டு? கொச்சியிலிருந்து வருகிறவனும் பெங்களூரிலிருந்து வருகிறவனும் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வருகிறான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட ஸ்பேர் பார்ட்ஸ் அட்டைப்பெட்டிகளில் கற்றதே அதிகம். ஆனால் ஒரு திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் போதும். எந்த சிலிண்டரில் என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். கணினியை மாட்டிப் பார்க்கிற பட்டதாரிகள் அரைமணி நேரம் கழித்து அதையேதான் சொல்வார்கள்.

பெருமை பேசுகிறேன் என்கிறீர்களா? ஆமாம், பேசுகிறேன். யாரும் எனக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை. லாரிக்கு அடியில் படுத்துப் படுத்தே மேலே வந்தவன். அந்தப் பெருமைதான் இந்தப் பாவத்தின் வேர். அதனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

முதலில் என் தொழில் என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்.

புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் வாரண்டி கொடுக்கிறான். குறிப்பிட்ட வருஷங்களுக்குள் இன்ஜின் போனால் அவன் செலவில் மாற்றித் தருவான். ஒரே நிபந்தனை, இன்ஜினில் வெளி ஆளின் கை படக்கூடாது. பட்டது தெரிந்தால் வாரண்டி போச்சு.

உங்களுக்கோ இரண்டும் வேண்டும்! கம்பெனி கொடுத்த வேகம் போதாது, அதற்கு மேலும் வேண்டும்; கம்பெனியின் வாரண்டியும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அந்த மீசையில் கூழ் ஒட்டாமல் குடிக்க வைப்பவன் நான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த வேலையை என்னைப்போல் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது.

எப்படி என்று கேட்பீர்கள். மற்ற மெக்கானிக்குகள் ஸ்போர்ட்ஸ் காரின் கணினி மூளையைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றி எழுதுவார்கள். முட்டாள்கள்! எத்தனை முறை திறந்தார்கள் என்று அந்த மூளையே எண்ணி வைத்துக்கொள்ளும். நான் மூளையைத் தொடவே மாட்டேன். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை நடுவில் வைப்பேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவைப் பார்த்து மூளை 'போதுமா?' என்று கேட்கும். போதுமான காற்று வந்திருந்தாலும் என் பெட்டி 'போதவில்லை' என்று சொல்லும். மூளை நம்பிவிடும். இன்னும் ஊது என்று டர்போவை விரட்டும். பொய் சொல்கிற பெட்டி... அவ்வளவுதான் வித்தை. அதோடு டர்போவுக்குப் பின்னால் இருக்கிற புகைக்குழாயைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாய் போடுவேன். வண்டி புலியாக மாறிவிடும்.

சர்வீசுக்கு விட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வண்டி என்னிடம் வரும். பெட்டியைப் பிடுங்கி, பெரிய குழாயை இறக்கி, கம்பெனிக் குழாயை மாட்டி, ஒன்றுமே அறியாத குழந்தைபோல ஆக்கி அனுப்புவேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதற்கு 'யூனிஃபார்ம் போட்டு விடுவது' என்று பெயர். சர்வீஸ் முடிந்து வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் புலித்தோலை மாட்டுவேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் முக்கியமான போல்ட் ஒன்றை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு யாராவது அந்தப் போல்ட்டைத் திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வண்ணம் கடையில் கிடைக்காது. மாங்காய் பழுக்கத் தொடங்கும்போது ஒரு நிறம் வருமே, மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல்... அந்த நிறம்.

நான் கண்டுபிடித்தேன். பொள்ளாச்சி ஃபேன்சி ஸ்டோரில் மஞ்சள் நகப்பூச்சு ஒன்று, பச்சை ஒன்று. ஐந்து சொட்டு மஞ்சளுக்கு ஒரு சொட்டு பச்சை. என் சம்சாரம் சரசுவிடம்தான் வாங்கி வரச் சொன்னேன்.

"ஏனுங்க, இந்த வயசுல யாருக்குங்க நகப்பூச்சு?" என்று கேட்டாள்.

"இன்ஜினுக்கு."

"ஆமா, கல்யாணம் பண்ணி நாப்பது வருசத்துல எனக்கொரு பாட்டல் வாங்கித் தரல. இன்ஜின் கொடுத்து வெச்சதுங்க" என்றாள்.

அன்று சிரித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம். கோடு இழுப்பதில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கை உண்டு. ஒருவன் கோணலாக இழுப்பான், ஒருவன் முடிவில் ஒரு புள்ளி வைப்பான். பாலக்காட்டு சர்வீஸ் சென்டரில் யூசுப் என்று ஒருவன் இருந்தான். அரபு ஓதி எழுதப் பழகிய கையோ என்னவோ, அவன் கோட்டை வலமிருந்து இடமாக இழுப்பான். வலப்பக்கம் தடித்திருக்கும், இடப்பக்கம் மெலிந்து வால்போல் முடியும். பார்த்தவுடன் அவன் வேலை என்று தெரியும். அவன் தொட்ட போல்ட்டை நான் தொட்டால், அவனைப்போலவே வலமிருந்து இடமாக இழுப்பேன். அவ்வளவு சுத்தம் என் வேலை!

இந்த யூசுப்புக்கு நாற்பது வயதிருக்கும். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். வீட்டில் எல்லோரும் கடைக்காரர்கள். இவன் ஒருவன்தான் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று இன்ஜினுக்கு வந்தவன்.

அவன் ஒருநாள் பஸ் ஏறி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். சர்வீஸ் சென்டர் சட்டை. பாக்கெட்டில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அண்ணே, ஒரு நீல வண்டி எங்க கிட்ட சர்வீசுக்கு வந்துச்சு. காந்தலூர்க்காரர் வண்டி."

"வரட்டும். எனக்கென்ன?"

"டர்போவுக்குப் போற எண்ணெய்க் குழாய்ல இருந்த வாஷர் சுட்ட வாஷர் அண்ணே. செம்போட நிறமே சொல்லிரும். எங்க வேலைல சுட மாட்டோம்."

அவன் சொன்னது உண்மை. பெரிய புகைக்குழாயை உள்ளே நுழைக்க வேண்டுமானால் அந்த எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஒதுக்க வேண்டும். அதன் போல்ட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு செம்பு வாஷர்கள். எண்ணெய் கசியாமல் அடைத்து நிற்பவை. முறுக்கும்போது நசுங்கி உட்காரும். ஒருமுறை நசுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும் என்பது கம்பெனி விதி. எங்கள் லாரிக்காலத்து விதி வேறு. பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகிவிடும். அப்படியே போடுவோம். நூற்றுக்கணக்கான லாரிகள் என் சுட்ட வாஷரில் ஓடியிருக்கின்றன.

"சுட்டது இருந்ததை நான் ஜாப் கார்டுல எழுதல. புதுசு போட்டேன்னு மட்டும் எழுதி, என் கோடு போட்டு உட்டுட்டேன்" என்றான் யூசுப். "எழுதியிருந்தா அவருக்கு வாரண்டி போயிருக்கும், உங்க பேரும் போயிருக்கும். எங்க அத்தாவோட சரக்கு வேன் உங்க கையாலதான் அத்தனை வருசம் ஓடுச்சு. அதான் மனசு வரல. ஆனா மலை ஏறுற வண்டி அண்ணே. இந்த வாஷர் மெல்லிசு, லாரி வாஷர் மாதிரி தாங்காது. இந்தாங்க, ஆறு புதுசு இருக்கு. இனி இதைப் போடுங்க."

ஒரு மனிதன் இதைவிடப் பண்பாக எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்!

ஆனால் எனக்கு எரிந்தது. அன்று ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கஸ்டமர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதுபட ஒருவன் எனக்கு வாஷர் போடச் சொல்லித் தருகிறான்!

"நீ பொறக்கறதுக்கு முந்தி நான் லாரி இன்ஜின் பிரிச்சவன்டா. எனக்கே நீ சொல்லித் தாரயா? உன்ற ஐடிஐ சர்டிபிகேட்டை ஊட்டுல மாட்டி வெச்சுக்க. போ அக்கட்டால!"

அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரித் தட்டில் வைத்தான். "வரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து அந்த நீல வண்டி யூனிஃபார்மைக் கழற்ற வந்தது. எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். யூசுப் போட்ட இரண்டு வாஷர்களும் தங்கம்போல மின்னின. எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன்! என் தகர டப்பாவிலிருந்து இரண்டு பழைய வாஷர்களை எடுத்தேன். ஏற்கெனவே மூன்று தடவை சுட்டவை, தேய்ந்து தாள்போல் ஆனவை. என் விரலுக்குத் தெரிந்தது. விரல் 'வேண்டாம்' என்றது. தலைக்குள் இருந்த திமிர் 'போடு' என்றது. நான்காம் முறை சுட்டுப் போட்டேன்.

அலமாரித் தட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இதுவரை சொன்னது பிழை. இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை ஒன்பது மணிக்கு ஜெகனிடமிருந்து போன். நீல வண்டியின் சொந்தக்காரன். காந்தலூரில் பழத்தோட்டமும், சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரங்களும் போட்டுச் சம்பாதிக்கிறவன்.

"அண்ணாச்சி, மறையூர் தாண்டி ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு. உள்ள ஏதோ கடகடன்னு சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அசையவே மாட்டேங்குது."

"எண்ணெய் லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுச்சு... வீடு பக்கம்தானேன்னு மிதிச்சுட்டேன்."

மிதித்துவிட்டானாம்! இன்ஜின் தொண்டை வறண்டு சாகிறது, இவன் மிதிக்கிறான். கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது.

"கம்பெனிக்குப் போன் பண்ணிராத. நான் வாரன். ஜீப்பு வெச்சு இழுத்து உன்ற ஷெட்டுல உடு."

கழற்றி வைத்திருந்த கம்பெனிக் குழாயை என் ஜீப்பில் போட்டுக்கொண்டு, உடுமலைப்பேட்டை, சின்னார் வழியாக மலையேறினேன். ஷெட்டில் பூண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. நடுவில் நீல வண்டி. கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எண்ணெய்க் குழாயின் கீழ் வாஷர் விளிம்பில் கீறல். அதன் வழியாக எண்ணெய் முழுவதும் வடிந்திருக்கிறது. டர்போ போச்சு, இன்ஜின் போச்சு. என் வாஷர்! நான்கு முறை சுட்ட என் வாஷர்!

யூசுப்பின் குரல் காதுக்குள் கேட்டது. 'மலை ஏறுற வண்டி அண்ணே.'

"என்ன அண்ணாச்சி, வாரண்டி கிடைக்குமா கிடைக்காதா?" என்றான் ஜெகன். அவனுக்கு அது ஒன்றுதான் கவலை.

நான் எழுந்து வெளியே வந்து யோசித்தேன். பெட்டியை எடுத்துவிடலாம், குழாயை மாற்றிவிடலாம். ஆனால் இன்ஜின் இறந்ததற்குக் காரணம் வேண்டுமே! புது வாஷர் போட்டு வைத்தால் எண்ணெய் எங்கே போனது என்று கம்பெனிக்காரன் தோண்டுவான். தோண்டினால் நான் வருவேன். காரணம் கண்முன்னால் இருந்தால் தோண்ட மாட்டான். அதுவும் அவன் ஆளே செய்த தப்பாக இருந்தால்? சட்டென்று மூடிவிட்டுப் புது இன்ஜின் கொடுத்துவிடுவான்.

இவ்வளவையும் நான் யோசித்தேன். ஒரு தேநீர் ஆறுகிற நேரத்தில் யோசித்து முடித்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

திரும்ப உள்ளே போனேன். பெட்டியைப் பிடுங்கினேன். கம்பெனிக் குழாயை மாட்டினேன். கீறல் விட்ட அதே வாஷரை, அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து வைத்து முறுக்கினேன். மாட்டிய குழாய் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வருமல்லவா? வடிந்த எண்ணெயைத் தொட்டுத் தடவி, கேஸ் பர்னரால் சுட்டுக் கருக்கினேன். கடைசியாக நகப்பூச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, போல்ட் தலையில், வலமிருந்து இடமாக ஒரு கோடு. வலப்பக்கம் தடித்து, இடப்பக்கம் மெலிந்து, வால்.

"அண்ணாச்சி, கை இல்ல அது, தெய்வம்!" என்றான் ஜெகன். பிறகு குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான். "ஆமா, இந்த மார்க்கு யாரோடதோ, அந்த ஆளு மாட்டிக்க மாட்டானா?"

பாருங்கள், அந்தப் பயலுக்குக்கூடத் தோன்றியது! பணக்காரத் திமிர் பிடித்தவன், லைட் எரிந்தும் மிதித்தவன், அவனுக்கே கேட்கத் தோன்றியது.

"கம்பெனி ஆளைக் கம்பெனி பாத்துக்கும், உடு" என்றேன். "இப்ப போன் பண்ணு. ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா மலைல டவர் கிடைக்கலைன்னு சொல்லு."

கம்பெனி நன்றாகவே பார்த்துக்கொண்டது.

மேலிடத்திலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தாராம். வண்டியைப் பிரித்தாராம். கீறல் விட்ட பழைய வாஷர், அந்தப் போல்ட்டின் மேல் யூசுப்பின் கோடு, ஜாப் கார்டில் யூசுப்பின் கையெழுத்தோடு 'புது வாஷர் போடப்பட்டது' என்ற வரி. முடிந்தது விசாரணை! பழைய சாமானைப் போட்டுவிட்டுப் புதிது போட்டதாகப் பொய் எழுதினான் என்று மெமோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுதான் அவர்கள் விசாரணை லட்சணம். பெரிய படிப்புப் படித்த மனிதர், நகப்பூச்சை முகர்ந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். ஒருவன் முகர்ந்து பார்க்கவில்லை!

ஜெகன் போனில் கூத்தாடினான். "புது இன்ஜின் அண்ணாச்சி! அவங்க ஆள் தப்புன்னு அவங்களே எழுதிட்டாங்க!" அதோடு விடவில்லை. ஊர் முழுக்கச் சொன்னான். எங்கே எதைச் சொல்லக்கூடாதோ அதை மட்டும் விட்டுவிட்டு, 'இன்ஜினே போனாலும் வாரண்டி போகாது, அப்படிப்பட்ட கை' என்று சொன்னான். அதைக் கேட்டுத்தான் நீங்கள் வந்தீர்கள். ஆமாம், நீங்கள்தான்! ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையாக நிறுத்தினீர்களே, சிவப்பும் வெள்ளையுமாக. தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்களே. வாரண்டி எப்படிப் பிழைத்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? யார் தலையில் விடிந்தது என்று கேட்டீர்களா?

நானும் சிரித்தபடி படத்துக்கு நின்றேன். உங்களைச் சொல்லி என்ன...

யூசுப் மறுபடியும் வந்தான். உச்சி வெயிலில். இந்த முறை கம்பெனிச் சட்டை இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சரசு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு ஜோலி போச்சு அண்ணே."

"கேள்விப்பட்டன்."

"கோயமுத்தூர்ல கேட்டேன், திருச்சூர்ல கேட்டேன். நான் போறதுக்கு முன்னாடி என் மெமோ போய் நிக்குது. வெளி ஆள் கை பட்டிருக்குன்னு எவ்வளவோ சொன்னேன். அப்படின்னா முதல்ல பார்த்தப்பவே ஏன் கார்டுல எழுதலன்னு கேட்டாங்க."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. ஜோலி கூட திரும்ப வேண்டாம். பழசைப் போட்டுட்டுப் புதுசுன்னு எழுதினான்னு ஒரு வரி இருக்குல்ல... அந்த வரி மட்டும் போனாப் போதும். எங்க வீட்டுல எல்லாரும் வியாபாரிங்க. பழசைப் புதுசுன்னு சொன்னவன்னு ஆயிட்டா எங்க ஆளுங்க மத்தியில தலை நிமிர முடியாது."

"என்னை எதுக்குடா இழுக்கற? நான் தொட்டேன்னு எவன் சொன்னான்? அதுல இருந்தது உன்ற கோடு தானடா!"

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லாத பார்வை.

"என் கோடுதான் அண்ணே. போட்டோ காட்டுனாங்க. ஆனா நான் போடுறதைவிட நல்லா இருந்துச்சு. நான் அவசரத்துல இழுக்கிறவன். அவ்வளவு சுத்தமா என் கோடு என் வாழ்நாள்ல வந்ததில்ல."

அந்த நொடியில் எனக்குள் என்ன எழுந்தது தெரியுமா? வெட்கம் என்று நினைப்பீர்கள். இல்லை. பெருமை! அடடா, அவனே ஒப்புக்கொள்கிறானே என்று ஒரு பெருமை! இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது. ஆனால் அது உண்மை. பெருமைதான் முதலில் வந்தது.

அந்தப் பெருமை என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் அதைப் பார்த்துவிட்டான். அதற்கு மேல் கெஞ்சவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். அலமாரித் தட்டில் அவன் பார்வை நின்றது.

நடந்து போய்ப் பொட்டலத்தை எடுத்தான். தூசியை ஊதினான். பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஒரு விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"ஆறும் அப்படியே இருக்கு அண்ணே" என்றான்.

திரும்ப மடித்தான். எடுத்த இடத்திலேயே வைத்தான். "வரேன் அண்ணே." போய்விட்டான்.

நான் கத்தினேன். அவன் ரோட்டைத் தாண்டிய பிறகு! "போடா! எவங்கிட்ட வேணா போய்ச் சொல்லு!" என்று, இளநீர் லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எதிரில் ஆள் இல்லாதபோதுதான் என் வீரம்.

சரசு ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு நின்றாள். "டீயக்கூடத் தொடாம போறானேங்க. என்ன பண்ணுனீங்க அந்த மனுசனை?"

"வேலையப் பாரு."

அடுத்த முறை பொள்ளாச்சிக்குக் கிளம்பியபோது நகப்பூச்சு வாங்கி வரச் சொன்னேன். "அதை மட்டும் இனி என்ற கையால வாங்கமாட்டனுங்க" என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அதிலிருந்து நானே போய் வாங்குகிறேன். கடைப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

ஏன் போய்ச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? சொன்னால் என் பெயர் போகும். பணம் போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. பெயர்! வெள்ளியங்கிரி வாஷர் மாற்றத் தெரியாமல் ஒரு இன்ஜினைக் கொன்றான் என்ற பெயர். ஒருவன் பெயரைக் காப்பாற்ற இன்னொருவன் பெயரைக் கொடுத்தேன். அவனும் என்னைப்போல யார் தயவும் இல்லாமல் தன் கையால் சம்பாதித்த பெயர்தானே அது...

சில சமயம் அவன் மேலேயே கோபம் வருகிறது. ஏன்டா அன்றைக்கே கார்டில் எழுதவில்லை? எழுதியிருந்தால் ஜெகனுக்கு வாரண்டி போயிருக்கும், நான் நாலு நாள் கத்தியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு இரக்கம் காட்டச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? பாருங்கள், எப்படி ஓடுகிறது புத்தி! அவன் இரக்கத்தையும் அவன் குற்றமாகவே ஆக்கப் பார்க்கிறேன்.

ஒருமுறை பாலக்காட்டுக்குப் போனேன். மார்க்கெட்டில் அவன் அண்ணனின் தார்ப்பாய்க் கடை. எதிர்ச் சாரியில் நின்றேன். யூசுப் தரையில் குந்தி உட்கார்ந்து, நீலத் தார்ப்பாயை விரித்து, வெட்டுவதற்கு அடையாளமாகச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். வலமிருந்து இடமாக. 'இன்னும் நாலு இஞ்ச் விடுடா' என்று அண்ணன் அதட்டினான். இன்ஜினைப் பிரித்துக் கோத்த கை, தலையை ஆட்டிக்கொண்டு நாலு இஞ்ச் விட்டது. நான் ரோட்டைக் கடக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டதால் நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். யூசுப் என்பது அவன் பெயரில்லை. ஜெகனும் இல்லை, வெள்ளியங்கிரியும் இல்லை. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, வண்டி எண்ணைச் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டி அந்த ஒரு வரியை அவனால் அழிக்க முடியாது. அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். இதிலும் என் வேலை சுத்தம்!

பொட்டலம் அதே தட்டில் இருக்கிறது. ஆறும் உள்ளே இருக்கின்றன. எடுத்து ஒரு வண்டியில் போட மனம் வரவில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை. அந்தத் தட்டிலிருந்து வேறு எதை எடுத்தாலும் கை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இன்று காலை ஒரு வெள்ளை வண்டி வந்தது. நாளைக்கு சர்வீஸ். யூனிஃபார்ம் போட்டேன். அந்த வண்டிக்குக் கோடு போட்டவன் வேறு யாரோ. நேராக, இடமிருந்து வலமாகப் போடுகிறவன். பார்த்து வைத்துக்கொண்டுதான் நகப்பூச்சைத் தொட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்.

வலப்பக்கம் தடித்து, இடப்பக்கம் மெலிந்து, வால்போல் முடிந்திருந்தது.

துடைத்தேன். மறுபடி இழுத்தேன். மறுபடியும் அப்படியே வந்தது!